நான் குறைத்து எழுதிய வெயில்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. சர்க்கரையும் பிரஷரும் வழக்கம்போல இருக்கின்றன. நீ சொன்ன நல்ல செய்திதான் தொண்டையில் நிற்கிறது. "அம்மா, அப்பாவோட பழைய வெயில் ரெஜிஸ்டர் அத்தனையும் காப்பி எடுத்து அனுப்பிட்டாங்க. நான் பத்தாவது முடிச்ச வருஷம் ஒரு கோடை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஊருக்குள்ள எல்லா இடத்துலயும் வெயில் எகிறியிருக்கு. அப்பாவோட பண்ணையில மட்டும் ஏறவே இல்லம்மா! சுத்தி இருந்த புங்கமரமும் ஏரியும் காப்பாத்தியிருக்கு. என் தீசிஸ்ல ஒரு முழு அத்தியாயமே இதுமேலதான் நிக்குது" என்று ஒரே மூச்சில் சொன்னாய். அதோடு விட்டாயா? "மத்தவங்க நம்பர்ல சந்தேகம் வரும். அப்பா நம்பர் பொய் சொல்லாது" என்றாய். சொல்லும்போது உன் குரல் தழுதழுத்தது. அந்தக் குரலிடம் என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. "சாப்பிட்டியாடா" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான்தானே, கஷ்டமாக இருந்தால் எழுத்துக்கூட்டி மெல்லப் படி. வேறு யாரையும் விட்டுப் படிக்கச் சொல்லாதே. இரண்டு நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இது நாலாவது. வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்க ஆளில்லாததால் கிழித்த காகிதம் அப்படியே கூடத்தில் கிடக்கிறது. முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் கத்துவார்கள். அந்த வீட்டை இடித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைபார்க்கும் பையன்களுக்கு மூன்று மாடியில் பிஜி என்று ஒரு ஹாஸ்டல் கட்டிவிட்டார்கள். கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும், கொண்டுவந்து கொட்டும். ஒருவன் முகமும் எனக்குத் தெரியாது.

உங்கப்பாவைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பொம்மசந்திராவுக்கு அந்தப் பக்கம் அந்த விதைப் பண்ணையில் அவருக்குப் பேருக்குத்தான் ஃபீல்டு அசிஸ்டெண்ட் வேலை. மனசு முழுக்க அந்த வெள்ளை மரப்பெட்டியில் இருந்தது. நாலு கால்மேல் நிற்கும், ஜன்னல் சட்டம்போல வரிவரியாகப் பலகை, உள்ளே நாலு தெர்மாமீட்டர். காலை எட்டரைக்கு ஒருமுறை, சாயங்காலம் ஐந்தரைக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். மாசம் முடிந்தால் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பெங்களூர் நகரத்தில் இருக்கும் வானிலை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். என் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் பந்தியில்கூட உட்காராமல் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வந்த மனுஷன் அவர். "ரெஜிஸ்டர்ல ஒரு கட்டம் காலியா இருந்தா எனக்கு அசிங்கம்" என்பார். உனக்கு எட்டு வயசிருக்கும். பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டர்மேல் வாயால் ஊதினாய், ஏறுகிறதா என்று பார்க்க. உன்னை அவர் அடித்தது அந்த ஒரே தடவைதான். நான் சண்டைக்குப் போனேன். "மூச்சுப் பட்டாலே அது பொய்டி" என்றார். அப்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

இனி நீ சொன்ன அந்தக் கோடைக்கு வருகிறேன். பரீட்சை முடிந்ததும் உன்னை மாமா வீட்டுக்குக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினேனே, அதற்கு மறுவாரம் உங்கப்பாவுக்கு மஞ்சள் காமாலை. கண் இரண்டும் பூசணிப்பூவாகிவிட்டது. சிவாஜிநகர் பக்கம் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், அதற்குமேல் அங்கேயே உன் அத்தை வீட்டில் கீழாநெல்லியும் உப்பில்லாத மோர்சாதமும். நீ பயப்படுவாய் என்று "அப்பாவுக்கு லேசான ஜுரம்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தோம். ஒன்றரை மாசம் குவார்ட்டர்ஸில் நான் தனி. பெட்டியை யார் பார்ப்பது? பண்ணையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பம்ப் ஆபரேட்டர் படுத்துவிட்டால் அவன் பெண்டாட்டி மோட்டார் போடுவாள். வாட்ச்மேன் ஊருக்குப் போனால் அவன் தம்பி கேட்டில் நிற்பான். மேலே யாருக்கும் எழுத்தில் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. அந்தக் கணக்கில் உங்கப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், வாந்தி எடுத்துக்கொண்டே, என்னைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திப் பாடம் நடத்தினார். கண்ணைப் பாதரசத்துக்கு நேராக வை. மூச்சை அடக்கு. சாயங்காலம் உச்ச வெயிலை எழுதினபிறகு அந்தத் தெர்மாமீட்டரை எடுத்து ஜுரம் பார்க்கிற கருவியை உதறுகிற மாதிரி நன்றாக உதறி இறக்கு, இல்லாவிட்டால் ஏறின இடத்திலேயே நிற்கும். எட்டாவது படித்தவளுக்கு அது போதும்.

முதல் ஒரு வாரம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் பார்த்து எழுதிவிட்டு, சாதத்தைக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து, மார்க்கெட்டில் மாறி சிவாஜிநகர் போவேன். சாயங்காலத்துக்குள் ஓடிவருவேன். கட்டிலில் படுத்திருக்கிற மனுஷன், "வந்தியா, பஸ்ஸுல எடம் கெடச்சுதா" என்று கேட்க வேண்டாமா? "நேத்து எவ்ளோ?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள், "முப்பத்தேழு" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. "போடி. பெங்களூருல முப்பத்தேழா? இது என்ன வேலூரா? நீ சரியா உதறியிருக்க மாட்டே" என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. அன்று சாயங்காலம் கை வலிக்கிற வரை உதறினேன். மறுநாளும் அதே இடத்துக்கு ஏறி நின்றது. போய்ச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, "எங்க வீட்ல புதுசா சயின்டிஸ்ட் வந்துருக்காங்க சார்" என்றார். வார்டே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். தப்பு என்மேல்தான். இந்தப் படிவம் அலுவலகத்துக்குப் போகும். அங்கே படித்தவர்கள் பார்ப்பார்கள். யாரோ தெரியாதவள் எழுதியிருக்கிறாள் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கப்பாவுக்கு வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், உன் காலேஜ் போகும். அவ்வளவு தூரம் ஓடியது என் புத்தி. வீட்டுக்கு வந்ததும் முந்தின வருஷத்து ரெஜிஸ்டரை எடுத்து அதே மாசத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதில் இருந்ததைப் பார்த்து, இங்கே கால் ஏற்றி, அங்கே அரை இறக்கி எழுதினேன். அந்த முதல் வாரம் பென்சிலில் எழுதியிருந்ததையும் அழித்து அதேபோலத் திருத்தினேன். மறுநாள் "நேத்து எவ்ளோ?" என்றார். எழுதியதைச் சொன்னேன். "பாத்தியா, இப்போ சரியாப் பாக்கறே. கத்துக்கிட்டே" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் வாயால் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதற்குமேல் எனக்குப் பெட்டியைத் திறக்கவே பயமாகிவிட்டது. திறந்தால் அது வேறு எதையாவது சொல்லும். முப்பத்தைந்து நாளோ நாற்பது நாளோ, திறக்கவில்லை. வரப்பில் நின்றால் ரப்பர் செருப்பு சுடுகிறது, ஏரியில் சேறு வெடித்துக் கிடக்கிறது, மாங்காய் காலத்து மழை ஒரு பொட்டுகூட விழவில்லை, பக்கத்து குவார்ட்டர்ஸ் சாவித்ரம்மா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து போன வருஷ வெயிலைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

நீ ரெஜிஸ்டரில் பார்க்கிற ஏறாத வெயில் அதுதான். புங்கமரம் இல்லை, ஏரி இல்லை. உங்கம்மா.

முதல் மாசத்துப் படிவத்தை நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன், படித்துப் பார்த்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்கடுத்த மாசக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வந்த அன்று சாயங்காலமே, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. மயங்கி விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன். பெட்டி திறந்திருந்தது, அவர் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நான் உதறாமல் விட்ட பாதரசம் அந்தக் கோடையின் உச்சத்திலேயே நின்றிருந்தது. பிறகு வீட்டுக்குள் வந்து ரெஜிஸ்டரை எடுத்தார். முந்தின வருஷத்து ரெஜிஸ்டரையும் எடுத்தார். நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு பக்கம் திருப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னை அடித்த மாதிரி என்னை ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. "நான் சிரிச்சேன் இல்ல?" என்றார். அவ்வளவுதான். நான், "அப்படியே எழுதிடுங்க, தப்பா எழுதிட்டோம்னு" என்றேன். பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தப் படிவம் மேசைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அந்த இரண்டாவது கையெழுத்து தெரிந்தே போட்டது கண்ணா. அது எனக்காகப் போட்டதா, தன் வேலைக்காகவா, தான் சிரித்த சிரிப்புக்காகவா, எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலம் பெட்டி பார்த்துவிட்டு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று எனக்கு அன்றைய எண்ணைச் சொல்வார். "முப்பத்தஞ்சு புள்ளி நாலு." மழைக்காலத்தில், பனிக்காலத்தில், எல்லாக் காலத்திலும். நான் "ம்" என்பேன். அதைத் தண்டனை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கடைசி வருஷங்களில் தண்டனை மாதிரி இல்லை, வேறு பேச்சு இல்லாத இடத்தில் அதுவே பேச்சாகிவிட்டது. அடுத்த கோடைக்கு ஃபேன் வாங்கினோமே, நினைவிருக்கிறதா? பெங்களூரில் ஃபேன் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தானே போய் வாங்கிவந்தார். நீகூட "அப்பா தோத்துட்டாரு" என்று கேலி செய்தாய். அவர் சிரிக்கவில்லை. பிறகு பண்ணையை விற்றார்கள், பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தோம், அவரும் போய்விட்டார். இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கு வாசலைப் பார்க்கிறேன். எவ்வளவு என்று சொல்ல யாருமில்லை.

நீ ஒருமுறை எனக்குப் புரியும்படி சொன்னாய். ஒரு நாள் வெயிலையோ ஒரு வருஷ மழையையோ வைத்து எதுவும் சொல்ல முடியாது, முப்பது வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் பூமி சூடாகிறதா என்று தெரியும் என்று. நாம் எரிக்கிற கரியும் பெட்ரோலும் புகையாகி மேலே கம்பளி போர்த்தின மாதிரி நிற்கிறது, சூடு வெளியே போக வழியில்லை என்றாய். கேட்டபோது தலையாட்டினேன். உள்ளே எனக்குக் குறுகுறுத்தது. முப்பது வருஷம் என்பது என்ன? ஒவ்வொரு சாயங்காலமும் யாரோ ஒருத்தர் வெயிலில் நடந்துபோய் மூச்சை அடக்கிப் பார்த்து எழுதிய வரிகள்தானே? அதில் ஒரு கோடையை நான் விழுங்கிவிட்டேன். என்னைப்போல எத்தனை பேர் எங்கெங்கே விழுங்கினார்களோ. நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இத்தனை ஏறாது என்று உங்கப்பா நம்பினார், படித்தவர் சொன்னால் சரி என்று நான் நம்பினேன். பார்த்தது பயமாக இருந்தது, அதனால் பழையதையே எழுதினேன். இன்றைக்கும் அதைத்தானே எல்லோரும் செய்கிறார்கள்? நூறடியில் தண்ணீர் வந்த போர்வெல் இன்று ஆயிரம் அடியிலும் வெறும் புழுதியைக் கக்குகிறது. "இந்த வருஷம் மட்டும்தான், அடுத்த வருஷம் சரியாயிடும்" என்று டேங்கருக்கு வரிசையில் நிற்கிறோம். நானும்தான் குடத்தோடு நிற்கிறேன்.

மரம் காப்பாற்றாது என்று நான் சொல்லவரவில்லை. காப்பாற்றும். புங்கமரத்தடியில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா? போன வருஷம் மொட்டைமாடி மழையைக் குழாய் போட்டுத் தொட்டியில் இறக்கினேன், நீ பணம் அனுப்பினாயே. எதிர் பிஜியை நடத்துகிறவன்கூட ஒருநாள் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, தானும் போட வேண்டும் என்று சொல்லிப்போனான். இதெல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு காப்பாற்றும் என்று அந்த ரெஜிஸ்டருக்குத் தெரியாது. நீ அதைச் சாட்சியாக வைத்து எழுதினால், நாளைக்கு ஒரு அதிகாரி படித்துவிட்டு, ரோடு ஓரத்தில் நாலு செடி நட்டு போட்டோ எடுத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று ஏரியை விற்றுவிடுவான். புகை விடுகிறவன் விட்டுக்கொண்டே இருப்பான். பயந்தவள் எழுதிய பொய் ஊருக்கே ஆறுதலாகிவிடும். அது வேண்டாம்டா. உன் அத்தியாயம் போனால் போகட்டும். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் போகட்டும். ஒரு எண் பயமுறுத்தினால் கருவியை ஒருமுறை பார், இரண்டுமுறை பார். மூன்றாவது தடவையும் அதையே சொன்னால் நம்பு. எனக்குத் தாமதமாகத் தெரிந்த புத்தி இது, நீயாவது வைத்துக்கொள்.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான். அந்தப் பக்கங்களை எடுத்துவிடுவாய். ஆனால் ஏன் எடுத்தாய் என்று காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'கருவி பழுது' என்று எழுதுவாய். அம்மாவையும் அப்பாவையும் காட்டிக்கொடுக்க உனக்கு மனசு வராது. உங்கப்பா அப்படித்தான் இரண்டு நாள் யோசித்து மூன்றாம் நாள் பேனாவை எடுத்தார். அந்தக் கையெழுத்து அவரை என்ன செய்தது என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். உன்னை அதைச் செய்யவிட மாட்டேன். அதனால் நேற்றே முந்திக்கொண்டேன். அந்த அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி, எந்த இரண்டு மாசம் என்று குறித்து, ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன். எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், எழுத வராதே, சாவித்ரம்மாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். பண்ணை போனபிறகு அவர்கள் இரண்டு தெரு தள்ளித்தானே வந்துவிட்டார்கள். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "ஏனம்மா, ஹுச்சா நிமகே?" என்றாள், உங்களுக்குப் பைத்தியமா என்று. "போன மனுஷரு பேரு கெட்டுப்போகும். உங்க மகன் கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள். "அவன் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்னுதான் எழுதச் சொல்றேன், எழுதும்மா" என்றேன். எழுதினாள். கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அரசாங்கக் காகிதத்தில் என் சொந்தப் பெயர் ஏறுவது இதுதான் முதல் தடவையோ என்னவோ.

ஆகவே இனி நீ என்னைக் காப்பாற்ற முடியாது. உன் புத்தகத்தில் உள்ளபடி எழுது. கோபம் வரும், வரட்டும். அப்பாவை நீ வைத்திருந்த இடத்திலிருந்து நான் இறக்கிவிட்டேன், அதற்கு என்னைத் திட்ட உனக்கு உரிமை உண்டு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்து நாலு மாசம் பேசாமல் இருந்துவிடாதே. உங்கப்பா பேசாமல் இருந்த இரண்டு நாளே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும். திட்டுவதற்காவது கூப்பிடு.

அம்மா